தோழி வந்தால்தான் விளையாட்டா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், உடன் ஆடிய தோழி டியூஷனில் சேர்ந்தது முதல் இறகுப்பந்து மட்டையைத் தொடுவதே இல்லை. தனியாகப் போகச் சொன்னால் எரிந்து விழுகிறாள். இது சோம்பல்தானே?
– ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: சோம்பல் என்று நான் கருதவில்லை. உடன் வருபவர் யார், பந்தைத் தவறவிட்டால் சிரிப்பவர் யார் என்பதே, பெற்றோரின் அறிவுரையைவிட அதிகமாக, பதின்ம வயதினரை மைதானத்துக்கு அழைத்துச் செல்கிறது அல்லது வீட்டில் உட்கார வைக்கிறது. உடல்வாகு குறித்த கேலி பெண் பிள்ளைகளை ஒதுங்கச் செய்துவிடலாம். 5 முதல் 17 வயதுவரை உள்ளோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாகக் குறைந்தது 60 நிமிடம் மிதமானது முதல் தீவிரமானது வரையிலான உடலியக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, உலக அளவில் பள்ளி செல்லும் 11 முதல் 17 வயதினரில் 81 சதவீதத்தினர் அந்த அளவை எட்டவில்லை. மாணவிகளில் இது 85 சதவீதம்.

டியூஷனை நிறுத்தச் சொல்லும் துணிவு எனக்கில்லை. ஆனால் தோழியின் தாயாரிடம் பேசி, ஞாயிறு காலை வெயில் ஏறுமுன் இருவரும் அருகிலுள்ள மாநகராட்சிப் பூங்காவில் ஆட ஏற்பாடு செய்யலாம். அது இயலாதெனில், பதக்கத்துக்காகப் பயிற்சி பெறும் குழுவில் சேர்க்காமல், அவளளவுக்கே ஆடும் ஓரிருவரைத் தேடுங்கள். எடையைப் பற்றி மட்டும் பேச்செடுக்காதீர்கள்.