பதில்: வாலிபர் கூடுகையில் யாரும் வாய் திறப்பதில்லை

கிருஷ்ணகிரியில் சபை வாலிபர்களைக் கூட்டி, விசுவாசத்தைப் பாட்டு, ஓவியம், எழுத்து வழியாகப் பேச வைக்க முயன்றீர்கள். வந்த 12 பேரும் வாயே திறக்கவில்லை, மூப்பர்களோ ‘இது ஆராதனையா, கூத்தா?’ என்று கேட்டார்கள் என எழுதியிருந்தீர்கள்.

மூப்பர்களுக்கு வேதாகமத்தில் யாத்திராகமம் 31-ஐக் காட்டுங்கள். இஸ்ரவேலர் தேவனைத் தொழுத ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்காகப் பெசலெயேல் என்பவரைத் தேவன் தம் ஆவியால் நிரப்பியதாக அங்கே இருக்கிறது. அவர் பொன், வெள்ளி, மரம், கல்லில் வேலை செய்தவர்; பிரசங்கியார் அல்ல. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) குறவஞ்சி வடிவத்திலேயே கிறிஸ்துவைப் பாடியவர்தானே. கூத்து என்ற சொல்லுக்கு நம் பக்கம் கூச்சப்படவே வேண்டாம், விடிய விடியத் தெருக்கூத்து பார்க்கிற ஊர்கள் இவை.

பிள்ளைகள் பேசாததற்குக் காரணம் மைக் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எங்கள் தருமபுரிக் கூடுகையிலும் மைக்கை நீட்டினோம், எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அடுத்த முறை மைக்கை ஓரங்கட்டிவிட்டு, பாயில் வட்டமாக உட்கார்ந்து, மேய்ப்பர் ‘அமர்ந்த தண்ணீர்’ அருகே, அதாவது அமைதியான நீர் அருகே, கொண்டுபோவதைப் பாடும் சங்கீதம் 23-ஐ மெதுவாக இரண்டு தடவை வாசித்தோம். ‘உங்கள் ஊரில் அமர்ந்த தண்ணீர் எங்கே இருக்கிறது?’ என்று ஒரே கேள்வி. அரை மணி நேரம் பேச்சே கிடையாது. கரித்துண்டு, கோலப்பொடி, தாள் மட்டும். ஒரு பையன் வற்றிய ஏரியை வரைந்து வைத்தான். அப்புறம் பேச்சை நிறுத்தத்தான் சிரமப்பட்டோம்.

ஓசூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் தெலுங்கிலோ கன்னடத்திலோ எழுதினால் எழுதட்டும். மாங்காய் அறுவடை சமயத்தில் வைக்காதீர்கள், பாதிப் பேர் தோப்பில் இருப்பார்கள். சாப்பாட்டுக்கு ஆள் வைக்காமல் சேர்ந்தே சமையுங்கள். எங்களுக்கு நல்ல பேச்செல்லாம் வெங்காயம் உரிக்கும்போதுதான் வந்தது.