பழைய தேதியில் புதுக் கையெழுத்து வேண்டாம்

கேள்வி: உள்கட்டுப்பாடுகளை, அதாவது தவறும் மோசடியும் நடக்காமல் தடுக்க நிறுவனம் வைத்திருக்கும் நடைமுறைகளைச் சோதிக்க, ஆடிட்டர் 25 பேமென்ட் வவுச்சர்களை (பணம் கொடுத்ததற்கான சீட்டுகளை) கேட்டிருக்கிறார். சிலவற்றில் ஒப்புதல் கையெழுத்து இல்லை. கணக்குப் பிரிவில் இருப்பதே இருவர்தான். 'பழைய தேதியில் கையெழுத்துப் போட்டுவிடலாம், கட்டுப்பாட்டுக் கையேடும் தயாராகத் தருகிறேன்' என்கிறார் ஓர் ஆலோசகர். செய்யலாமா?

பதில்: செய்யவே செய்யாதீர்கள். கையெழுத்து இல்லாத வவுச்சர் ஒரு குறை, அவ்வளவுதான். ஆடிட்டர் அந்தக் கட்டுப்பாட்டை நம்பாமல் பில்களைக் கூடுதலாகச் சரிபார்ப்பார். பழைய தேதி போட்ட கையெழுத்தோ போலி ஆவணம். அது தெரிந்தால் நிர்வாகத்தின் நேர்மையே சந்தேகத்துக்குள்ளாகும். அப்புறம் நீங்கள் நீட்டும் எந்தத் தாளையும் அவர் நம்ப மாட்டார்.

தெரியாமல் போகாது. முதலில் ஒரே ஒரு கொள்முதலை எடுத்து, ஆர்டர், சரக்கு வந்த ரசீது, பில், பணம் போன நாள் என்று கடைசிவரை பின்தொடர்வார்கள். கட்டுப்பாட்டின் அமைப்பு சரிதானா என்று அதில் தெரியும். அது ஆண்டு முழுக்க நடந்ததா என்று பார்க்கத்தான் அந்த 25. வாய்வார்த்தை மட்டும் சான்றாகாது. கையெழுத்திட்டவர் அன்று விடுப்பில் இருந்திருந்தால் வருகைப் பதிவேடே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் கையேடு வியாபாரிகள் மேல் எனக்குத் தீராத கோபம். நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றி விற்கிறார்கள். உங்களிடம் இல்லாத 'கொள்முதல் குழு' அதில் ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருக்கும்! ஆடிட்டர்களிலும் சிலர் கையெழுத்தை எண்ணிவிட்டுக் கிளம்புவதால்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. பில்லை ஆர்டரோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாரா என்று யார் கேட்கிறார்கள்?

இருவரே இருக்கும் இடத்தில் பதிவு, ஒப்புதல், பணம் கொடுப்பது மூன்றையும் ஆளுக்கொன்றாகப் பிரிக்க முடியாது. அங்கே உரிமையாளரின் நேரடிப் பார்வையை ஈடாக ஏற்பதுண்டு. ஆனால் வங்கி அறிக்கையை அவரே வங்கியிலிருந்து எடுத்திருக்க வேண்டும். கணக்காளர் பிரின்ட் எடுத்துத் தந்தது ஆகாது. தெரியாத பெயருக்குப் போன தொகையை விசாரித்து, பதிலையும் குறித்திருக்க வேண்டும். மாதாமாதம் நடந்திருக்க வேண்டும். உரிமையாளரே எடுக்கும் பணத்துக்கு இந்த ஈடு செல்லாது.

இப்போது செய்ய வேண்டியது: கையெழுத்து விட்டுப்போன வவுச்சர்களைப் பட்டியலிடுங்கள். பொறுப்பானவர் பில்லோடு சரிபார்த்து, இன்றைய தேதியிலேயே குறிப்பு எழுதட்டும். அந்தப் பட்டியலை ஆடிட்டர் கேட்பதற்கு முன் நீங்களே கொடுத்துவிடுங்கள்.