நாலு மாதம் சும்மா நின்ற எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் சார்ஜ் ஏறவே இல்லை, பேட்டரியை மீட்க முடியுமா?

முடியும், ஆனால் எல்லா பேட்டரியையும் இல்லை. சிலதை மீட்கப் பார்ப்பதே ஆபத்து. உள்ளே ஒவ்வொரு செல்லும் எத்தனை வோல்ட்டில் நிற்கிறது என்று அளந்தால்தான் தெரியும்.

போன வருடம் காவேரிப்பட்டணத்தில் அப்பாவின் வண்டிக்கு இதேதான் நடந்தது. முழங்கால் ஆபரேஷன் ஆனதால் மாங்காய் சீசன் முழுக்க வண்டி தகர ஷெட்டிலேயே நின்றது, அதுவும் நிறுத்தும்போதே சார்ஜ் ஒரு கோடுதான் இருந்தது. வண்டி ஓடாவிட்டாலும் பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் போர்டு (செல்களைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்) கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். சார்ஜரைச் செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. "ஃபுல்லா இருக்குதுடா" என்றார் அப்பா. உண்மையில், வோல்ட் ரொம்ப இறங்கியதால் பிஎம்எஸ் வழியை அடைத்துவிட்டது, எதிரே பேட்டரி இருப்பதே சார்ஜருக்குத் தெரியவில்லை.

கிருஷ்ணகிரியில் தெரிந்த மெக்கானிக் அண்ணன் திறந்து பார்த்தார். 48 வோல்ட் லித்தியம் பேட்டரி, உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த 13 செல் வரிசை, முழு சார்ஜில் 54.6 காட்ட வேண்டியது மீட்டரில் 31 காட்டியது. 12 வரிசை 2.5 பக்கம் நின்றன, ஒன்று மட்டும் 1.3. "இது ஒண்ணுக்கு சார்ஜ் கொடுக்கக் கூடாது தம்பி, மாத்திடலாம்" என்றார். 2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்த செல்லில் உள்ளே இருக்கும் தாமிரத் தகடு கரைய ஆரம்பிக்கும், பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தத் தாமிரம் வேறு இடத்தில் படிந்து ஷார்ட் ஆகலாம், தீயே பிடிக்கலாம். அதனால் இன்னொரு பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்து எழுப்பும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

அந்த வரிசைக்கு அதே ரக செல் போட்டு, மற்றவற்றுக்கு 1 ஆம்பியருக்கு மேல் போகாதபடி வைத்து, கடைக்கு வெளியே மண் தரையில், கையால் தொட்டுத் தொட்டுச் சூடு பார்த்துக்கொண்டே ஏற்றினார். எல்லாம் 3 வோல்ட் தாண்டிய பிறகுதான் வழக்கமான சார்ஜர். அப்புறம் ஒரு நாள் சும்மா வைத்து, எந்த வரிசையாவது தனியாக இறங்குகிறதா என்று மறுபடி அளந்தார். முன்பு 60 கிலோமீட்டர் போன வண்டி இப்போது 50 போகிறது, அப்பாவுக்கு அது போதும்.

உங்கள் வண்டிக்கு வாரண்டி இருந்தால் திறக்காதீர்கள், சர்வீஸுக்கே கொண்டுபோங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ இனிப்பாக ஒரு வாடை வந்தாலோ வீட்டுக்கு வெளியே தள்ளி வைத்துவிடுங்கள், மீட்கும் பேச்சே வேண்டாம். ஆசிட் பேட்டரி என்றால் கதை வேறு, காலியாகக் கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் இறுகிவிடும், ஒவ்வொரு 12 வோல்ட் பேட்டரியையும் தனித்தனியாக மெதுவாக ஏற்றிப் பாருங்கள், ஏற்றி முடித்து ஓய்வில் 12.7 வோல்ட் பக்கம் நிற்காதது தேறாது.

இனி வண்டியை நிறுத்துவதென்றால், லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜிலும் ஆசிட் பேட்டரியை முழு சார்ஜிலும் நிறுத்துங்கள். சீட்டுக்கு அடியில் எம்சிபி (பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் அணைத்துவிட்டு மாதம் ஒருமுறை பாருங்கள். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் தகர ஷெட் வேண்டாம், வெயிலில் ஓட்டி வந்தால் அரை மணி நேரம் ஆறவிட்டு சார்ஜ் போடுங்கள்.

மொத்தம் எத்தனை வோல்ட் காட்டுகிறது, லித்தியமா ஆசிட்டா என்று பார்த்து எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.