அவன்தான் கூப்பிட வேண்டும்

சார், வணக்கம்.

யூட்டாவில் லீஹை என்ற ஊரில் இருக்கிறோம். கணவருக்கு ஐடி வேலை. தெருவில் முக்கால்வாசி மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த குடும்பங்கள். அடுத்த வீட்டுப் பையன் 18 முடிந்த கையோடு பிலிப்பைன்ஸுக்கு மிஷனரியாகப் போயிருக்கிறான். இரண்டு வருஷம். நடுவில் லீவு கிடையாது, பெற்றவர்கள் போய்ப் பார்க்கவும் கூடாது. செலவுக்கு மாதாமாதம் பணம் இவர்களே கட்டுகிறார்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் பேச்சு. ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி ஆனால் அந்த வீட்டில் ஒருத்தரும் நகர மாட்டார்கள். அங்கே அப்போது திங்கள் காலை எட்டு. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சில வாரம் ராத்திரி ஒன்பதாகிவிடும். இவர்களாகக் கூப்பிட மாட்டார்களாம், அவன்தான் கூப்பிட வேண்டுமாம்.

போன வாரம் பையனின் தாத்தா வந்திருந்தார். "எங்கள் காலத்தில் வெறும் கடிதம். இவன் அப்பா காலத்தில் வருஷத்துக்கு இரண்டு போன். அதில்தான் நாங்கள் மனுஷர்களானோம். இப்போது வாராவாரம் முகத்தைக் காட்டிப் பசங்களைக் கெடுக்கிறார்கள்" என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. என் மகன் டெக்சாஸில் படிக்கிறான். நான் தினமும் கூப்பிடுகிறேன். எடுத்தால் உண்டு. எடுத்தாலும் "சாப்டேம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறான். அந்தக் காலத்துக் காத்திருப்புதானே சார் உயர்ந்தது? ஆனால் மீசை முளைக்காத பிள்ளையை இப்படிப் பிரித்து வைப்பது கொடுமை என்றும் தோன்றுகிறது. அவன் அம்மா என்னையும் அவனுக்கு எழுதச் சொல்கிறாள். என்ன எழுதுவது? முறுக்கு அனுப்பலாமா?

எம்., லீஹை

அன்புள்ள எம்.,

தாத்தா சொன்ன விவரம் சரி. அவர் வந்து சேர்ந்த முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை.

2019 பிப்ரவரி 15 வரை நடைமுறை அதுதான். வாரம் ஒரு கடிதம் அல்லது மின்னஞ்சல். போன் என்றால் கிறிஸ்துமஸுக்கு ஒன்று, மே மாதம் அன்னையர் தினத்துக்கு ஒன்று. அன்றைக்குத்தான் சால்ட் லேக் சிட்டியிலிருந்து சபைத் தலைமை அறிவித்தது: இனி வாராவாரம் 'பி-டே' என்கிற தயாரிப்பு நாளன்று போனிலோ வீடியோவிலோ வீட்டோடு பேசலாம். துணி துவைப்பது, கடைக்குப் போவது, முடி வெட்டிக்கொள்வது எல்லாம் அவர்களுக்கு அந்த ஒரு நாளில்தான். பெரும்பாலும் திங்கள்கிழமை.

"அதில்தான் மனுஷர்களானோம்" என்கிறவர்கள் எல்லாரும் இரண்டு வருஷத்தை முடித்துவிட்டு வந்தவர்கள். ஐந்தாம் மாதமே தாங்க முடியாமல் திரும்பி வந்தவன் விருந்து மேசையில் உட்கார்ந்து பழங்கதை பேசுவதில்லை. மேடையேற்றி வழியனுப்பிய அதே சபைக்காரர்களின் முகத்தில் அவன் அடுத்த ஞாயிறு விழிக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கம் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். வருஷத்துக்கு இரண்டு போன் இருந்த நாளில், பிள்ளை உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருக்கிறான் என்று பெற்றவளுக்குத் தெரிய என்ன வழி? மொத்தக் குடும்பமும் ஸ்பீக்கரைச் சுற்றி நிற்க, அன்னையர் தினத்தன்று முக்கால் மணி நேரம் கிடைத்தால், எவன் அதில் அழுவான்?

பிரிவைப் பெருமையாகச் சொல்லும் வழக்கம் அந்தச் சபையில் ஆரம்பத்திலிருந்தே உண்டு. 1839 செப்டம்பரில் பிரிகாம் யங்கும் ஹீபர் கிம்பாலும் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட கதையை உங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். மிசிசிப்பி ஆற்றங்கரை, ஊர் முழுக்க மலேரியா. புறப்படுகிற இருவருக்குமே எழுந்து நிற்க முடியாத காய்ச்சல். கிம்பாலின் மனைவி படுத்த படுக்கை. யங்கின் மனைவி பிள்ளை பெற்ற பச்சை உடம்பு. வண்டி கொஞ்ச தூரம் போனதும் கிம்பால் நிறுத்தச் சொல்கிறார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, தொப்பியைச் சுழற்றி, "இஸ்ரவேலுக்கு ஜே" என்று மூன்று தரம் கத்துகிறார்கள். பெண்கள் எப்படியோ வாசல்வரை வந்து சிரித்த முகமாக விடை கொடுக்கிறார்கள். இவர்கள் திரும்பி வந்தது 1841இல்.

நல்ல காட்சிதான். ஆனால் இதை எழுதி வைத்தவர் வண்டியில் போன கிம்பால். வண்டி மறைந்த பிறகு யார் தண்ணீர் மொண்டு வந்தார்கள், யார் கஞ்சி வைத்தார்கள் என்பதெல்லாம் அந்தக் காட்சியில் வராது.

நம் ஊருக்கே ஒருவர் வந்திருக்கிறார். ரிச்சர்ட் பாலன்டைன், ஸ்காட்லாந்தில் பிறந்தவர். மனைவி மக்களை சால்ட் லேக்கில் விட்டுவிட்டு 1853இல் சென்னப்பட்டினத்தில் வந்து இறங்கினார். இங்கே ஒரு பத்திரிகைகூட அச்சடித்தார். ஒரு வருஷம் முயன்று பார்த்துவிட்டுக் கப்பலேறினார். அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ரயில் ஓட ஆரம்பித்ததே 1869இல்தான். யூட்டாவிலிருந்து ஒரு கடிதம் மாட்டு வண்டியும் கப்பலும் மாறி மாறி இங்கே வந்து சேர மாதக்கணக்காகும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று எழுதினால், இங்கே பிரிக்கும்போது அது பிழைத்து விளையாடிக்கொண்டிருக்கும், அல்லது இருக்காது. அந்தக் காத்திருப்பு யாரையும் உயர்த்தியிருக்கும் என்று நான் நம்பவில்லை. வேறு வழியில்லாமல் காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

கடிதத்துக்கென்று ஒரு கௌரவம் உண்டு, மறுக்கவில்லை. பின்னாளில், 2012இல், அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் நின்று தோற்ற மிட் ராம்னி 1966இலிருந்து 1968வரை பிரான்ஸில் மிஷனரியாக இருந்தார். அப்பா ஜார்ஜ் ராம்னி மிச்சிகன் ஆளுநர். ஜனாதிபதி வேட்பாளராகக் கட்சிக்குள் போட்டியிட்டு, எடுபடாமல், 1968 பிப்ரவரி கடைசியில் விலகினார். நாடே கேலி பேசிய தோல்வி. அப்போது மகனுக்கு எழுதுகிறார், நானும் அம்மாவும் இதற்காக வருந்தவில்லை, சொல்லப்போனால் நிம்மதியாகத்தான் இருக்கிறோம் என்று. போனில் இதைச் சொல்லியிருந்தால் குரல் காட்டிக்கொடுத்திருக்கும். கடிதம் மறைத்துக்கொடுத்தது. தகப்பனுக்கு அந்த மறைப்பு தேவையாக இருந்தது, மகனுக்கும்தான்.

ஆனால் அதே வருஷம் மே மாதம் பிரான்ஸ் முழுக்க வேலைநிறுத்தம், தபாலும் நின்றுபோனது. ஜூனில் போர்டோவுக்குத் தெற்கே மிட் ஓட்டிப் போன கார்மீது எதிரே வந்த கார் மோதியது. உடன் வந்த மிஷன் தலைவரின் மனைவி இறந்துபோனார். வந்து பார்த்த போலீஸ்காரர், மிட்டும் செத்துவிட்டார் என்றே குறித்துவிட்டார். மகன் இருக்கிறானா இல்லையா என்று அப்பா அமெரிக்கத் தூதர் வழியாக விசாரித்தார். ஆளுநர், அதனால் முடிந்தது.

ஆளுநர் இல்லாத வீடுகளின் பாட்டை 2013 நவம்பரில் பார்த்தோம். யோலாண்டா புயல் பிலிப்பைன்ஸின் டக்லோபான் நகரைத் துடைத்தெடுத்தபோது அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட மிஷனரிகள். மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரம் இல்லை. யூட்டாவிலும் ஐடஹோவிலும் பெற்றவர்கள் நாள்கணக்கில் போனைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கினார்கள். கடைசியில் எல்லாரும் பத்திரம் என்று தெரிந்தது. உங்கள் சிநேகிதியின் மகன் போயிருப்பதும் அதே நாடு. ஞாயிறு மாலை அவர் மேசையை விட்டு எழுந்திருக்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி, அவன் எழுதுகிற வாராந்திர மின்னஞ்சல். உங்களுக்கும் வருகிறது என்று நினைக்கிறேன். அத்தை, மாமா, பள்ளிக்கூட வாத்தியார், சபைக்காரர்கள் என்று ஐம்பது நூறு பேருக்குப் போகும் கடிதம் அது. எப்போதும் அற்புதமான வாரம்தான். மழையில் சைக்கிள் சறுக்கியது, ஒரு பாட்டி பலூட் (கரு வளர்ந்த வாத்து முட்டையை அவித்தது) கொடுத்தார், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன், ஒருவர் ஞானஸ்நானம் பெறப்போகிறார். ஐந்து போட்டோ. பொய் எழுதுகிறான் என்று சொல்லவில்லை. ஊர் கூடிப் படிக்கிற கடிதத்தில் யாருமே இப்படித்தான் எழுதுவார்கள். தாத்தா பெட்டியில் கட்டி வைத்திருக்கும் கடிதங்களும் பாதி இந்த ரகமாகத்தான் இருக்கும். கேட்டால் அடிக்க வருவார்.

வீடியோவில் மட்டும் உண்மை கொட்டிவிடுமா என்றால், அதிலும் ஒரு சிக்கல். மிஷனரி எங்கேயும் தனியாக இருக்கக் கூடாது. கூட ஒரு ஜோடி இருப்பான். கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற தூரத்திலேயே இருக்க வேண்டும் என்பது விதி. இவன் யாரோடு ஒத்துப்போகவில்லையோ அவன் அடுத்த கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸ் மடித்துக்கொண்டிருப்பான். அவனை வைத்துக்கொண்டு அம்மாவிடம் என்ன சொல்ல முடியும்? அதனால்தான் முகம் தெரிய வேண்டும் என்கிறேன். மெலிந்திருக்கிறானா, கண் எங்கே போகிறது, தம்பி பேரைச் சொன்னதும் சிரிக்கிறானா. இதையெல்லாம் படிக்க அம்மாக்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். எந்தக் கடிதமும் இதைக் கொண்டுவந்து தராது.

ப்ரோவோவில் அவர்களுடைய பயிற்சி மையத்தின் வாசலில் ஒருமுறை நின்று பார்த்திருக்கிறேன். கார் ஓரமாக வந்து நிற்கிறது. கறுப்புப் பட்டையில் பெயர் குத்திய ஒரு பையன், அவனும் மிஷனரிதான், ஓடி வந்து பெட்டியை வாங்கிக்கொள்கிறான். கட்டிப்பிடிக்க ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பின்னால் அடுத்த கார் காத்திருக்கிறது. ஓர் அம்மா மகனுடைய டையைச் சரி செய்தார், அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. அப்பா காரைக் கிளப்பிவிட்டார். அவ்வளவுதான், இரண்டு வருஷம் தொடங்கிவிட்டது. கொடுமையா என்று கேட்கிறீர்கள். பையன்களுக்கு அதைக் கடமை என்றே சொல்லி வளர்க்கிறார்கள், ஆகவே முழுக்கத் தன் விருப்பம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பையன் திரும்பிப் பார்க்காமல் போன வேகத்தில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. 18 வயதில் வீட்டை விட்டு இறங்குகிறவனுக்கு இருக்கும் சந்தோஷம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் போகிற போக்கில் சொன்ன விஷயம்: அவன்தான் கூப்பிட வேண்டும். அது அந்த வீட்டு வழக்கம் இல்லை. 2019 அறிவிப்பிலேயே இருக்கிறது, பிள்ளைதான் கூப்பிட வேண்டும், எப்போது பேசுவது என்பதையும் அவனே முடிவு செய்யட்டும் என்று. வாராவாரம் பேசியே தீர வேண்டும் என்றும் இல்லை. அந்த அறிவிப்பிலேயே புத்திசாலித்தனமான வரி இதுதான் என்பேன். 18 வருஷம் அம்மா கூப்பிட்டுப் பிள்ளை பதில் சொன்னான். இப்போது துணியை ஊறப்போட்டுவிட்டு, டேட்டா இருக்கிறதா என்று பார்த்து, வீட்டில் எல்லாரும் சாப்பிட்டிருப்பார்களா என்று கணக்குப் போட்டு, அவன் கூப்பிடுகிறான். இது வரைக்கும் வீட்டில் யாருடைய நேரத்தையும் அவன் யோசித்திருக்க மாட்டான். விசாரிக்கப்படுகிறவனாக இருந்தவன் விசாரிக்கிறவனாகிவிடுகிறான். மனுஷனாவது என்று தாத்தா சொல்வதில் பாதி இதுதான், அதற்குப் பட்டினி போடத் தேவையில்லை. காத்திருக்கிற பாரம் அம்மா தலையில்தான் விழுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஞாயிறு ஆறிலிருந்து ஒன்பதுவரை அவர் படுகிற பாடு எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை.

உங்கள் மகன் விஷயம். தினம் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, "வாரத்தில் ஒரு நாள் நீயே கூப்பிடு, எந்த நாள் என்று நீயே சொல்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் வாரம் கூப்பிட மாட்டான். இரண்டாவது வாரமும் சந்தேகம்தான். அதற்குத் தைரியம் இருந்தால் மட்டும் ஆரம்பியுங்கள். கூப்பிடாமல் இருந்துவிட்டு, வாட்ஸப்பில் 'கடைசியாகப் பார்த்தது' எத்தனை மணி என்று நோண்டிக்கொண்டிருப்பது கணக்கில் சேராது.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு என்ன எழுதுவது? வெள்ளிக்கிழமைக்குள் எழுதி அனுப்பிவிடுங்கள். திங்களன்று அவனுக்கு மின்னஞ்சல் பார்க்கக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான், அதனால் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எல்லாரும் அவனுக்குத் தைரியம் சொல்லியும் வசனம் சொல்லியும்தான் எழுதுவார்கள், நீங்கள் தெருவைப் பற்றி எழுதுங்கள். எந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள், அவன் தம்பி லைசென்ஸ் வாங்கிவிட்டு எந்தக் குப்பைத்தொட்டியில் இடித்தான், மலையில் பனி விழுந்துவிட்டதா. "இன்னும் எத்தனை மாசம்" என்று மட்டும் கேட்காதீர்கள். பதிலை எதிர்பார்க்காதீர்கள். வந்தால் இரண்டு வரி வரும், அதை அவன் அம்மாவிடம் காட்டுங்கள்.

முறுக்கு அனுப்பலாம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரலாம் என்பதால் பார்சலை மிஷன் அலுவலக முகவரிக்கு அனுப்புவதுதான் வழக்கம், முகவரி உங்கள் சிநேகிதியிடம் இருக்கும். அங்கிருந்து அவன் கைக்குப் போக எத்தனை நாளானாலும் ஆகும். தேன்குழல் பொடியாகத்தான் போய்ச் சேரும். கெட்டி உருண்டையாகப் பொருள்விளங்கா உருண்டை பிடித்து அனுப்புங்கள், ஜோடிப் பையனுக்கும் சேர்த்து. மார்மன்கள் காப்பி குடிப்பதில்லை, அதனால் காப்பிப்பொடி கூடாது என்று லீஹையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.