எட்டு நாள் வித்தியாசம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

இண்டியானாபொலிஸில் டிரம் கோர் என்ற இளைஞர் வாத்திய அணிகளின் இறுதிப்போட்டி பார்த்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் மகன் இரண்டு கோடைகள் ஓர் அணியில் ஸ்னேர் டிரம் வாசித்தவன். பிறந்தது 2003 மே 24. ஜூன் 1-க்குள் 22 வயது நிரம்பிவிட்டால் அந்த ஆண்டு இடமில்லை, அதாவது 21 தான் வரம்பு என்பது போட்டிகளை நடத்தும் டிசிஐ அமைப்பின் விதி. எட்டு நாளில் இந்தக் கோடை கைநழுவிப் போனது. அவன் பள்ளித் தோழன் ஜூன் முதல் வாரத்தில் பிறந்தவன். அவன் டூர் பஸ்ஸில் ஏறிவிட்டான், இவன் வீட்டில் ரப்பர் பலகையில் அடித்துக்கொண்டிருக்கிறான்.

இந்த வரம்பு பழைய காலத்துக்குச் சரி. இப்போது 24, 25 வயது வரை படிக்கிறார்கள். 24 என்று ஏற்றினால் என்ன நஷ்டம்? வாசிப்பின் தரமும் கூடும், ஆள் கிடைக்காத சின்ன அணிகளும் பிழைக்கும் அல்லவா?

ஆர்., ஒஹாயோ

*

அன்புள்ள ஆர்.,

எட்டு நாள் என்பது கொடுமைதான். ஆனால் வரம்பை 24 ஆக்கினாலும் மே 24-இல் பிறந்த ஒருவன் அங்கேயும் எட்டு நாளில் தவறத்தான் செய்வான். அந்தப் பிள்ளையின் அப்பாவும் யாருக்காவது கடிதம் எழுதுவார்.

இதைப் பற்றித் தெரியாத வாசகர்களுக்கு இரண்டு வரி. எழுதும்போது கடைசியில் பி, எஸ் எல்லாம் வந்தாலும் சொல்வது 'கோர்' என்றுதான். பித்தளைக் குழல்கள், டிரம்கள், கொடி வீசுபவர்கள் சேர்ந்த அணிகள். மே மாதம் பயிற்சியில் கூடுவார்கள். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வரை ஊர் ஊராகப் போட்டி. தூங்குவது பஸ்ஸிலும் பள்ளி உடற்பயிற்சிக் கூடத் தரையிலும். முன்பு அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்கள் போட்டிகளை நடத்தின. அணிகளே தங்களுக்கென்று ஆரம்பித்ததுதான் டிசிஐ. அதன் முதல் சாம்பியன்ஷிப் 1972-இல் விஸ்கான்சினில் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவில் ஓட்டுப் போடும் வயதை 21-இலிருந்து 18-க்கு இறக்கினார்கள். அதனால் 21 என்பது பழைய காலத்து எண் என்று நீங்கள் சொல்வதை நானும் ஒத்துக்கொள்கிறேன். பழையது என்பதற்காக மட்டும் அதை மாற்ற வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறேன்.

என் தங்கை மகள் கதையைச் சொல்கிறேன். மெல்லோஃபோன் என்ற பித்தளைக் குழல் வாசிப்பவள். முதல் வருடம் ஆடிஷனுக்குப் போனாள், எடுக்கவில்லை. அடுத்த வருடம் அதே அணி எடுத்துக்கொண்டது. ஒரு வருடம் விடாமல் சாதகம் பண்ணினாள், அதனால்தான் என்பாள் தங்கை. அவளைக் கேட்டால், "பெரியம்மா, என் வரிசையில் ஆறு பேருக்கு ஏஜ் அவுட், வயது வரம்பு தாண்டிவிட்டது. அவ்வளவுதான்" என்று சிரிப்பாள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த ஆறு பேர் இன்னும் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தால் அவள் சாதகத்தை அடுத்த வீட்டுக்காரர்தான் கேட்டிருப்பார்.

உங்கள் மகனுடைய வாத்தியத்தில் இது இன்னும் இறுக்கம். பெரிய அணியில் இப்போது 165 பேர் வரை சேரலாம். 1980-களில் இது 128. ஆட்கள் இவ்வளவு கூடியும் ஸ்னேர் வரிசை எட்டு ஒன்பது பேரைத் தாண்டுவது அபூர்வம். பத்துப் பேர் பிசகாமல் ஒரே கையாக அடிப்பதைவிட எட்டுப் பேர் அடிப்பது சுலபம். எனவே அந்த இடங்கள் பெருகாது. 24 வயது என்றால், ஏழெட்டு வருடம் கை பழகியவனோடு 18 வயதுப் பையன் ஆடிஷனில் நிற்க வேண்டும். அணித் தலைமை யாரை எடுக்கும்? நானாக இருந்தாலும் 24-ஐத்தான் எடுப்பேன். உங்கள் மகன் முதல் முறை தேர்வானபோது அவனுக்கு என்ன வயது என்று யோசித்துப் பாருங்கள்.

தரம் கூடும் என்கிறீர்கள். கூடும்தான். நாற்பது வரைக்கும் விட்டால் இன்னும் கூடும். அப்புறம் அதை இளைஞர் அணி என்று சொல்ல முடியாது.

சின்ன அணிகள் பற்றி நீங்கள் சொன்னதுதான் என்னைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வைத்தது. ஓபன் கிளாஸ் என்ற சின்ன அணிகளின் பிரிவில் இடம் நிரம்பாத அணிகள் இருப்பது உண்மை. ஆனால் 22 வயதில் 'இன்னும் ஒரே ஒரு வருடம்' என்று ஏங்குபவர்கள் அந்த அணிகளையா நினைக்கிறார்கள்? இறுதி இரவில் ஆடும் 12 அணிகளைத்தானே? மேலே இடம் கிடைக்காத பதினெட்டு வயதுக்காரர்கள் கீழே இறங்கி வருவார்கள், அதனால் சின்ன அணி நிரம்பும் என்று வேண்டுமானால் வாதாடலாம். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் இதை நீங்களே சொல்லுங்கள், நான் சொல்ல மாட்டேன்.

பணமும் இருக்கிறது. பெரிய அணியில் ஒரு கோடைக்கான கட்டணமே 5,000 டாலரைத் தாண்டுகிறது. மூன்று மாதச் சம்பளமும் போகும். 24 வயதிலும் இதைச் செய்யக்கூடியவன் யார்? வீட்டில் பணம் உள்ளவன்.

இன்னொன்று, தயங்கித்தான் எழுதுகிறேன். பத்து சாம்பியன்ஷிப் வென்ற கடெட்ஸ் அணி 90 ஆண்டு ஓடிவிட்டு 2024-இல் மூடப்பட்டது. 1980-களில் நடந்ததாகச் சொல்லப்பட்ட பாலியல் அத்துமீறல் குறித்த வழக்கு அதற்கு ஒரு காரணம். அது உறுப்பினர்களின் வயது சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, அதை இங்கே இழுப்பது முழுக்க நியாயமும் இல்லை. ஆனால் 16 வயதுப் பெண் தூங்கும் அதே கூடத்தில் 24 வயது ஆள்களும் படுப்பார்கள் என்றால் தங்கை மகளை அனுப்பச் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை, யோசித்திருப்பேன்.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். டிரம் கோர் கதவு 22-இல் மூடிவிடுவதாக அவன் நினைத்தால் அது தப்பு. வயது வரம்பில்லாத அணிகள் 1960-களிலிருந்தே தனிச் சங்கம் வைத்துப் போட்டி நடத்தின. 2024-இலிருந்து அவை ஆல்-ஏஜ் பிரிவாக டிசிஐ-க்குள்ளேயே வந்துவிட்டன. பென்சில்வேனியாவின் ரெடிங் பக்கனீர்ஸ், நியூ ஜெர்சியின் ஹாத்தார்ன் கபயேரோஸ் எல்லாம் அந்த வகை. பயிற்சி பெரும்பாலும் வார இறுதிகளில், வேலைக்குப் போய்க்கொண்டே வாசிக்கலாம். அங்கே பேரன் எடுத்தவர்களும் உண்டு. பெரிய அணிகளின் பளபளப்பு அதில் இல்லை என்று முகம் சுளிப்பான், சுளிக்கட்டும்.

இன்னொரு வழி, கற்றுக்கொடுப்பது. கோடை அணிகளில் 'டெக்' என்று வரிசை வரிசையாக நின்று திருத்துபவர்களில் பலர் ஓரிரு வருடம் முன்பு ஏஜ் அவுட் ஆனவர்கள்தான். வரம்பை ஏற்றினால் அவர்களும் இன்னும் மூன்று வருடம் டிரம்மை மாட்டிக்கொண்டு நிற்பார்கள். பதினேழு வயதுக்காரனுக்கு யார் கையைத் திருத்துவது? ஒஹாயோவில் பள்ளி மார்ச்சிங் பேண்டுகளுக்குப் பஞ்சமில்லை. ஆகஸ்டில் அவர்களுக்கு பேண்ட் கேம்ப் நடக்கும், ஸ்னேர் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுவார்கள். இந்த வாரமே பக்கத்துப் பள்ளி பேண்ட் டைரக்டருக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள்.