ஏலகிரி இறங்கியதும் பிரேக் பெடல் உதறுகிறதா?

சார், ஏலகிரி போய் வந்ததிலிருந்து பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது, டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) வளைந்துவிட்டது என்கிறார் மெக்கானிக் என்று எழுதியிருக்கிறீர்கள். டிஸ்க் உண்மையில் வளைவது அபூர்வம். 14 கொண்டை ஊசி வளைவிலும் பெடலில் கால் வைத்தே இறங்கி, அடிவாரத்தில் அழுத்திப் பிடித்து நின்றால், டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பேடின் கொதிக்கிற பொருள் அந்த ஒரே இடத்தில் டிஸ்க்கில் அப்பிக்கொள்ளும். தடிமனில் 0.02 மி.மீ. வித்தியாசமே போதும், பெடல் துடிக்க.

புது டிஸ்க் வாங்க அவசரப்படாதீர்கள். காலி ரோட்டில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, முழுக்க நிற்காமல், எட்டுப் பத்து முறை நன்றாக பிரேக் பிடியுங்கள். பிறகு சில கிலோமீட்டர் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். அப்படியும் உதறினால் டிஸ்க்கைக் கழற்றி, ஹப் (டிஸ்க் பொருந்தும் சக்கர மையம்) முகத்துத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு டயல் கேஜில் (நுண்ணிய அளவு காட்டும் கருவி) டிஸ்க்கின் ஆட்டம் பார்க்கச் சொல்லுங்கள். வீல் நட்டை ஏர் கன்னால் இறுக்க விடாதீர்கள் (பஞ்சர் கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை); டார்க் ரெஞ்சில் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பானர்), எதிரெதிர் நட்டாக இறுக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை மலையில் இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள்.