தெருவில் பொங்கல் விழா: அனுமதியை யார் வாங்குவது?

கேள்வி: பெரம்பூரில் எங்கள் தெரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொருளாளர் நான். காணும் பொங்கல் மாலையில் தெருவிலேயே கோலப்போட்டி, உறியடி, பிள்ளைகளின் நடனம், கடைசியாக மெல்லிசை நடத்தத் திட்டம். "போலீஸ், மாநகராட்சி, மின்வாரியம் எல்லா அனுமதியும் நானே வாங்கித் தருகிறேன், 12,000 ரூபாய் கொடுங்கள்" என்கிறார் மைக்செட்காரர். கொடுக்கலாமா? இரவு 11 மணி வரை நடத்த முடியுமா?

பதில்: கொடுக்காதீர்கள். 11 மணி வரையும் முடியாது.

மைக்செட்காரருக்கு வாடகை கொடுங்கள், அதற்குமேல் எதுவும் வேண்டாம். இப்படி வாங்கித் தருபவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: காவல் நிலையத்தில் ஒரு மனுவை நீட்டிவிட்டு, அதன் நகலையே அனுமதி என்று உங்களிடம் கொடுப்பார்கள். மனு கொடுத்ததற்கான நகல் அனுமதி ஆகாது. நாள், நேரம், இடம், நிபந்தனைகள் எழுதி அதிகாரி கையொப்பமிட்ட தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும். இன்னும் மோசம், மனுவைத் தங்கள் பெயரிலேயே போட்டுவிடுவார்கள். பிரச்சினை வரும்போது அவர் தொலைபேசியை எடுக்க மாட்டார். சங்கத் தலைவரைத்தான் நிலையத்துக்குக் கூப்பிடுவார்கள். மனு சங்கத்தின் பெயரில், செயலாளர் கையொப்பத்துடன் போகட்டும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் படியிறங்காதீர்கள்.

தெருவை அடைப்பது, ஒலிபெருக்கி இரண்டையும் குறிப்பிட்டுக் காவல் நிலையத்துக்கு ஒரு மனு. பந்தல், மேடைக்கு மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு ஒன்று. "போலீஸ் கடிதம் கொண்டு வாருங்கள்" என்று இவர்கள் சொல்வார்கள், "முதலில் மாநகராட்சியிடம் கேளுங்கள்" என்று அவர்கள் சொல்வார்கள். ஒரு தெருக் கோலப்போட்டிக்கு இந்த அலைச்சல் எதற்கு என்று எனக்கும் புரியவில்லை. இவ்வளவு பெரிய நகரத்தில், தெரு விழாவுக்கு ஒரே படிவம், ஒரே மேசை என்று வைக்க யாருக்கும் தோன்றாததால்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். இரண்டு மனுக்களையும் ஒரே நாளில் கொடுத்து, ஒவ்வொன்றிலும் மற்றதன் நகலை இணைத்துவிடுங்கள். டிசம்பர் கடைசிக்குள் கொடுத்துவிடுவது நல்லது.

இப்போது நேரம். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. "பண்டிகைக்கு நள்ளிரவு வரை உண்டு" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். பாதி உண்மை. ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல், கலாசார, சமய விழாக்களுக்கு 12 மணி வரை தளர்த்தும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. எந்தெந்த நாட்கள் என்பதை அரசே முன்கூட்டி அறிவிக்க வேண்டும். காவல் ஆய்வாளர் வாய்மொழியாகத் தருவது அல்ல, கவுன்சிலர் தருவதும் அல்ல, மைக்செட்காரர் தருவது அல்லவே அல்ல. அரசாணையில் உங்கள் விழா நாள் இருந்தால் அதன் நகலைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் 10 மணிதான். "மூடிய அரங்கு என்றால் தடையில்லை" என்பதும் உங்களுக்கு உதவாது. சமுதாயக் கூடம் போன்ற மூடிய கட்டடத்தைச் சொல்கிறது விதி. நான்கு பக்கமும் துணி கட்டிய பந்தலை அல்ல. மைக் வேண்டாம், பறையும் செண்டையும் போதும் என்றும் தப்ப முடியாது. இரவில் ஒலியெழுப்பும் கருவிகளுக்கும் அதே தடைதான். மெல்லிசையை 7 மணிக்கு வைத்துவிட்டு, பரிசளிப்பைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். அருகில் ஏதேனும் இருந்தால் மனுவிலேயே சொல்லிவிடுங்கள்.

மின்சாரத்தில்தான் பலர் மாட்டுகிறார்கள். தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போடுவதை மைக்செட்காரர்கள் சர்வசாதாரணமாகச் செய்வார்கள். மின்சாரச் சட்டம், 2003-இன் 135-ஆவது பிரிவில் அது மின்திருட்டு. மூன்றாண்டு வரை சிறைக்கு இடமுண்டு. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் தற்காலிக இணைப்புக்குக் கேளுங்கள், அல்லது ஜெனரேட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

நன்கொடையாளர் படம் போட்ட பேனர் சாலையோரத்தில் வேண்டவே வேண்டாம். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து, இருசக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் உயிரிழந்த பிறகும் இந்த ஆசை விடவில்லை. பந்தல் கால்களுக்குத் தார்ச்சாலையைத் தோண்டாதீர்கள். மணல் நிரப்பிய தகர டின்களில் நடலாம்.

கடைசியாக, நாளை மாற்ற முடியுமா என்று யோசியுங்கள். காணும் பொங்கலன்று மெரினாவுக்கும் கடற்கரைகளுக்கும் போலீசாரைப் பெருமளவில் அனுப்பிவிடுவார்கள். உங்கள் தெருவுக்கு இரண்டு பேரை ஒதுக்க முடியாத ஆய்வாளர், அனுமதியை மறுப்பதைத்தான் எளிதாக நினைப்பார். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை என்று கேட்டுப் பாருங்கள்.